ஃப்ரன்ட் லோடு வாஷிங் மெஷின்: குணம் அறிந்து பழகுவது எப்படி?

புதிதாக ஃப்ரன்ட் லோடு மெஷின் வாங்கியவர்கள் முதல் வாரத்தில் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். உள்ளே தண்ணீரே தெரியவில்லையே? ஒரு மணி நேரம் என்று காட்டிவிட்டு ஒன்றரை மணி நேரம் ஓடுகிறதே? திடீரென்று நிற்கிறது, சும்மா இருக்கிறது, மறுபடி எதிர்ப்பக்கமாகச் சுற்றுகிறது, கெட்டுவிட்டதா? வேலை முடிந்த பிறகும் கதவு ஏன் திறக்கவில்லை? இதெல்லாம் பொதுவாகப் பழுது இல்லை. மெஷினின் குணமே அப்படித்தான். அந்தக் குணம் எங்கிருந்து வருகிறது என்று ஒருமுறை புரிந்துவிட்டால் அதோடு பழகுவது சுலபம்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றுதான்: இந்த மெஷின் குறைந்த தண்ணீரில் துவைக்கிறது. டாப் லோடு மெஷினில் துணி தண்ணீருக்குள் மூழ்கிச் சுழலும். ஒருமுறை துவைத்து முடிக்க நூறு லிட்டரைத் தாண்டுவது சாதாரணம். ஃப்ரன்ட் லோடில் டிரம் படுத்த நிலையில் இருக்கிறது. அடியில் கொஞ்சம் தண்ணீர் நின்றால் போதும். டிரம்முக்குள் இருக்கும் துடுப்புகள் நனைந்த துணியை மேலே தூக்கிக்கொண்டு போய்க் கீழே போடும். அப்படி விழுந்து விழுந்து எழுவதில்தான் அழுக்கு கழல்கிறது. 40 முதல் 60 லிட்டருக்குள் மொத்த வேலையும் முடிந்துவிடும்.

ஹெங்கல் நிறுவனத்தில் வேலை பார்த்த ஹெர்பர்ட் சின்னர் என்ற வேதிப் பொறியாளர் 1959-ல் துவைக்கும் வேலையை நான்கு பங்காகப் பிரித்துக் காட்டினார்: நேரம், சூடு, புரட்டும் விசை, சோப்பின் வேலை. ஒன்றைக் குறைத்தால் இன்னொன்றைக் கூட்டித்தான் ஆக வேண்டும். ஃப்ரன்ட் லோடு மெஷின் தண்ணீரையும் மின்சாரத்தையும் குறைத்துக்கொண்டு, அதை நேரத்தைக் கொண்டு ஈடுகட்டுகிறது. இந்தக் கணக்கு மனதில் இருந்தால் கீழே சொல்லப்போவது எல்லாம் தானாகப் பொருந்திவரும்.

முதல் நாள்: துணி போடுவதற்கு முன்

மெஷினின் முதுகுப்பக்கம் மூன்று அல்லது நான்கு பெரிய போல்ட்டுகள் இருக்கும். லாரியில் வரும்போது டிரம் ஆடாமல் இறுக்கிப் பிடிப்பதற்காகப் போட்டவை அவை. உள்ளே இருக்கும் தொட்டி மேலே ஸ்பிரிங்குகளில் தொங்கி, கீழே அதிர்வு தாங்கிகளில் நிற்கும்படி அமைக்கப்பட்டது. போல்ட்டைக் கழற்றாமல் ஓட்டினால் தொட்டி ஆட முடியாமல், அதற்குப் பதில் மெஷினே வீடு அதிர ஆடும். உள்ளுக்குள் உடையவும் செய்யும். ஆகவே முதல் வேலை, ஸ்பேனர் எடுத்து எல்லாப் போல்ட்டையும் கழற்றி, கூடவே கொடுத்திருக்கும் பிளாஸ்டிக் மூடிகளை அந்த ஓட்டைகளில் பொருத்துவது. மெஷினைப் பொருத்த ஆள் வந்தாலும், அவர் கிளம்புவதற்கு முன் முதுகுப்பக்கத்தை நீங்களே ஒருமுறை எட்டிப் பாருங்கள். கழற்றிய போல்ட்டுகளை ஒரு கவரில் போட்டு, கையேட்டோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள். வீடு மாறும்போது அவற்றை மறுபடி மாட்டித்தான் மெஷினைத் தூக்க வேண்டும்.

அடுத்தது மட்டம். இதற்கு அரை மணி நேரம் செலவானாலும் பரவாயில்லை. பின்னால் வரும் பாதித் தொல்லை இங்கேயே தீர்ந்துவிடும். நான்கு கால்களையும் திருகி ஏற்றி இறக்கலாம். மட்டப்பலகை ஒன்றை மேலே வைத்து முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் பாருங்கள். அப்புறம் எதிரெதிர் மூலைகளில் இரண்டு கைகளையும் வைத்து மாற்றி மாற்றி அழுத்துங்கள். துளி ஆட்டம்கூட இருக்கக் கூடாது. ஆட்டம் நின்றதும் காலின் மேலே இருக்கும் சிறு நட்டை மெஷினின் அடிப்பாகத்தோடு சேர இறுக்கிவிடுங்கள். இந்த நட்டைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். அது இறுகாவிட்டால் அதிர்வில் கால் தானாகத் திரும்பி, சில மாதத்தில் மட்டம் போய்விடும். அடியில் மெத்தென்ற தடித்த விரிப்பு எதையும் போடாதீர்கள். கெட்டியான தரையில் நேரடியாக நிற்பதுதான் இதற்கு நல்லது.

தண்ணீர் வெளியேறும் குழாயின் முனை எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்று கையேட்டில் போட்டிருக்கும். பெரும்பாலும் தரையிலிருந்து 60 முதல் 100 சென்டிமீட்டர். தரையோடு கிடக்க விட்டால், உள்ளே வரும் தண்ணீர் தானாகவே இழுபட்டு வெளியே போய்க்கொண்டிருக்கும். மெஷின் நிரம்பவே நிரம்பாது, தண்ணீர் கேட்டுக்கொண்டே இருக்கும். அதேபோல் அந்த முனையைச் சுவரில் உள்ள குழாய்க்குள் வெகு தூரம் திணித்து, சுற்றிலும் காற்றுப் போகாதபடி அடைத்துவிடவும் கூடாது.

தண்ணீர் உள்ளே வருவதற்கு அழுத்தம் வேண்டும். பல மெஷின்கள் குறைந்தது 0.3 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) கேட்கும். மாடித் தொட்டியிலிருந்து தண்ணீர் வருகிறது என்றால், தொட்டியின் நீர்மட்டம் மெஷினுக்கு ஏறக்குறைய 3 மீட்டர் மேலே இருக்க வேண்டும் என்று பொருள். அதற்கும் கீழே என்றால் நிரம்பவே வெகுநேரம் ஆகும், பிழைக்குறியும் வரலாம். மின்சாரத்துக்கு வந்தால், உள்ளே இருக்கும் ஹீட்டர் மட்டுமே 2 கிலோவாட் அளவுக்கு இழுக்கும். அதனால் எர்த் உள்ள தனி பிளக் பாயின்ட் வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடாது. தொட்டால் லேசாகச் சுள்ளென்று இருந்தால் எர்த் சரியில்லை என்று எடுத்துக்கொண்டு, அதைச் சரிசெய்யும்வரை மெஷினைப் போடாதீர்கள்.

கடைசியாக, துணி எதுவும் இல்லாமல் கொஞ்சம் சோப்புத்தூள் மட்டும் போட்டு 60 டிகிரியில் ஒருமுறை ஓட்டுங்கள். புது மெஷினுக்குள் கொஞ்சம் தண்ணீர் கிடந்தால் பயப்பட வேண்டாம். தொழிற்சாலையில் ஓட்டிப் பார்த்ததன் மிச்சம் அது.

எவ்வளவு துணி?

8 கிலோ மெஷின் என்றால், 8 கிலோ பருத்தித் துணியை அதற்குரிய காட்டன் புரோகிராமில் போடலாம் என்று மட்டுமே அர்த்தம். சின்தடிக் துணி என்றால் அதில் பாதி, கம்பளி என்றால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். சரியான அளவு அந்தந்தப் புரோகிராமுக்குக் கையேட்டில் இருக்கும். தினமும் தராசு வைத்து நிறுக்க முடியாது. அதற்கு ஒரு கை அளவு போதும். துணியை அமுக்காமல் உதறிப் போட்ட பிறகு, உள்ளங்கையைச் செங்குத்தாக நிறுத்தினால் துணிக்கும் டிரம்மின் மேற்கூரைக்கும் நடுவே அது நுழைய வேண்டும். நுழையவில்லை என்றால் துணி விழுவதற்கு இடமே இல்லை. விழாத துணி வெளுக்காது.

குறைவாகப் போட்டாலும் பிரச்சினைதான். ஒரே ஒரு ஜீன்ஸ், ஒரே ஒரு கனமான துண்டு, ஒரு மிதியடி என்று போட்டால் ஸ்பின்னின்போது எடை ஒரு பக்கமாகச் சேர்ந்துவிடும். மெஷின் அதை உணர்ந்து நிற்கும், துணியைப் பிரித்துப் போட்டுப் பார்க்கும், மறுபடி முயலும். பல தடவை அப்படிச் செய்தும் சரிவராவிட்டால் ஸ்பின் வேகத்தைக் குறைத்துவிடும், இல்லாவிட்டால் ஸ்பின்னே செய்யாமல் முடித்துவிடும். சொட்டச் சொட்டத் துணி வெளியே வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். கூட இரண்டு மூன்று துண்டுகளைப் போட்டு ஸ்பின் மட்டும் மறுபடி கொடுங்கள், சரியாகிவிடும்.

மெத்தை உறை, தலையணை உறை, போர்வை உறை போன்றவற்றின் வாயைப் பட்டன் போட்டு மூடிவிட்டுப் போடுங்கள். திறந்திருந்தால் சின்னத் துணி எல்லாம் ஒவ்வொன்றாக அதற்குள் போய்ச் சேர்ந்து, கடைசியில் ஒரே உருண்டையாகச் சுருண்டு கிடக்கும். உருண்டையின் நடுவில் இருப்பது நனையாமல்கூட வரும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் செய்யக் கூடாது. மழைக்கோட்டு, தண்ணீர் புகாத மெத்தை விரிப்பு போன்றவற்றை ஸ்பின் செய்யாதீர்கள். அவற்றின் மடிப்புக்குள் லிட்டர் கணக்கில் தண்ணீர் தேங்கி நிற்கும். வேகமாகச் சுழலும்போது அது ஒரே நொடியில் இடம் மாறினால் மெஷின் துள்ளி விழும். இதில் கவனக்குறைவுக்கு இடமே இல்லை.

போடுவதற்கு முன் பைகளைத் தடவிப் பாருங்கள், ஜிப்பை மூடுங்கள். கம்பி வைத்த உள்ளாடைகளை வலைப்பையில் போடுங்கள். அந்தக் கம்பி கழன்றால் டிரம்மின் ஓட்டை வழியே, அதைச் சுற்றியிருக்கும் வெளித்தொட்டிக்குள் இறங்கிவிடும். அங்கே ஹீட்டர் இருக்கிறது, கீழே பம்ப் இருக்கிறது. கம்பியை எடுக்க மெஷினையே பிரிக்க வேண்டிவரும்.

சோப்பு: குறைவே நிறைவு

புதிதாக வாங்கியவர்கள் இதில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். நிறைய நுரை வந்தால் நன்றாக வெளுக்கும் என்ற எண்ணம் நம் கையில் ஊறிப்போனது. இந்த மெஷினில் அது நேர்மாறு. துணி மேலிருந்து விழ வேண்டும் என்று பார்த்தோம் அல்லவா? நுரை நிறைந்திருந்தால் துணி மெத்தையில் விழுகிற மாதிரி மெதுவாக இறங்கும், அடி படாது. அதோடு, குறைந்த தண்ணீரில் அவ்வளவு நுரையை அலசவும் முடியாது. மெஷின் நுரையைக் கண்டுகொண்டால் கூடுதலாக அலசும், நேரம் நீளும். மிச்சமான சோப்பு துணியிலும், கதவு வாயைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்திலும், கண்ணில் படாத வெளித்தொட்டியிலும் படிந்து, பின்னால் நாற்றத்துக்கு விதை போடும்.

ஆகவே ஃப்ரன்ட் லோடுக்கு என்று எழுதியிருக்கும், நுரை குறைந்த சோப்பையே வாங்குங்கள். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவை மேல் எல்லையாக வைத்துக்கொண்டு, துணி பாதியளவுதான் இருந்தால் சோப்பையும் குறையுங்கள். உப்புத் தண்ணீர் என்றால் கொஞ்சம் கூடுதல் வேண்டும், நல்ல தண்ணீர் என்றால் குறைவு போதும். ஓடும்போது கண்ணாடியில் மெல்லிய நுரை தெரிந்தால் போதுமானது. நுரை கண்ணாடியைப் பாதிக்கு மேல் மறைத்தால் அடுத்த முறை குறைத்துப் போடுங்கள்.

இதுவரை எவ்வளவு சோப்பு சேர்ந்திருக்கிறது என்று பார்க்க ஒரு நல்ல வழி உண்டு. துவைத்து மடித்து வைத்த துண்டுகளில் நாலைந்தை எடுத்து, சோப்பே போடாமல் 40 டிகிரியில் ஓட்டுங்கள். பத்து நிமிடம் கழித்துக் கண்ணாடி அருகே உட்கார்ந்து பாருங்கள். தண்ணீர் தெளிவாக இருந்தால் நீங்கள் போடும் அளவு சரி. வெள்ளையாக நுரை கட்டிக்கொண்டு வந்தால், அத்தனையும் இத்தனை நாள் அந்தத் துண்டுக்குள் இருந்த சோப்புதான். அதைப் பார்த்த பிறகு கை தானாகக் குறைத்துப் போடும்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே நுரை எல்லை மீறிவிட்டால், துணி மென்மையாக்கி ஒரு மேசைக்கரண்டி எடுத்து அரை லிட்டர் தண்ணீரில் கலந்து, சோப்பு அறையில் மெதுவாக ஊற்றுங்கள். நுரை அடங்கிவிடும். விளையாட்டு உடை, இறகு அடைத்த துணி உள்ளே இருந்தால் மட்டும் இதைச் செய்ய வேண்டாம்.

சோப்புத் தட்டில் மூன்று அறைகள் இருக்கும். ஒரு கோடு அல்லது 1 போட்டது முன்துவைப்புக்கு, இரண்டு கோடு அல்லது 2 போட்டது முக்கியத் துவைப்புக்கு, பூப் படம் போட்டது மென்மையாக்கிக்கு. எந்த அறை எந்தப் பக்கம் என்பது மெஷினுக்கு மெஷின் மாறும். இடத்தைப் பார்க்காதீர்கள், குறியைப் பாருங்கள். முன்துவைப்பைத் தேர்ந்தெடுக்காமல் அந்த அறையில் சோப்பு போட்டால் அது அங்கேயே கிடக்கும். திரவ சோப்பு போடுபவர்கள் இரண்டாம் அறையில் அதற்கான சிறு தடுப்பைப் பொருத்த வேண்டும், இல்லையென்றால் மெஷின் தொடங்கும் முன்பே சோப்பு வழிந்து கீழே போய்விடும். மென்மையாக்கி அறையில் ஓட்டி முடித்த பிறகு கொஞ்சம் தண்ணீர் நிற்கும். அந்த அறை தண்ணீரை உறிஞ்சி இறக்கும் விதத்தில் அமைந்தது, கடைசிச் சொட்டுவரை காலியாகாது. அறை முழுக்க நின்றால்தான் மூடியைக் கழற்றிக் கழுவ வேண்டும்.

துண்டுகளுக்கு மென்மையாக்கி போடவே வேண்டாம் என்பது என் கருத்து. நூலின் மேல் ஒரு படலம் படிந்து, தண்ணீரை உறிஞ்சும் திறனையே அது குறைத்துவிடும். விளையாட்டு உடைகளுக்கும் இதே கதிதான்.

தூளா, திரவமா என்றால் வெள்ளைத் துணிக்கும் துண்டுக்கும் தூள்தான் நல்லது. நல்ல தூளில் ஆக்சிஜன் வெளுப்பான் இருக்கும். கறையை எடுப்பதோடு மெஷினுக்குள் பூஞ்சை சேர்வதையும் அது கட்டுப்படுத்தும். திரவ சோப்பில் பொதுவாக அது இருக்காது. நிறத் துணிக்குத் திரவம் போடலாம், ஆனால் எப்போதும் திரவமும் குளிர்ந்த தண்ணீருமாகவே போனால் மெஷின் சீக்கிரம் நாறும்.

நேரம் ஏன் இப்படிக் காட்டுகிறது?

தொடங்கும் பட்டனை அழுத்தியதும் முதலில் தண்ணீர் வராது. டிரம் இப்படியும் அப்படியும் சுற்றித் துணியின் எடையைப் பார்க்கும். அதை வைத்து எவ்வளவு தண்ணீர், எவ்வளவு நேரம் என்று கணக்குப் போடும். இந்தக் கட்டத்தில் காட்டும் நேரம் மாறுவது இயல்பு. குழாயில் தண்ணீர் மெதுவாக வந்தாலோ, வரும் தண்ணீர் மிகக் குளிர்ந்திருந்தாலோ, நுரை அதிகமானாலோ, ஸ்பின்னுக்கு முன் துணி சமமாகப் பிரியாவிட்டாலோ நேரம் நீளும். கடைசி "1 நிமிடம்" பத்து நிமிடம் நிற்பதற்குக் காரணமும் இந்தச் சமநிலைப் போராட்டம்தான். திரையில் காட்டுவது ஒரு மதிப்பீடு மட்டுமே. அவசரமாகக் கிளம்ப வேண்டிய நாளில் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

ஈகோ என்ற புரோகிராம் மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடுவதைப் பார்த்து, மின்சாரம் வீணாகிறது என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மை அதற்கு எதிர். துவைக்கும்போது செலவாகும் மின்சாரத்தில் பெரும்பங்கு தண்ணீரைச் சூடாக்கத்தான் போகிறது. டிரம்மைச் சுற்றுவதற்கு அல்ல. ஈகோவில் தண்ணீரைக் குறைவாகச் சூடாக்கி, அதற்குப் பதில் நீண்ட நேரம் ஊறப்போட்டுப் புரட்டுகிறது. ஐரோப்பாவில் 2021 மார்ச் முதல் மின்சிக்கன லேபிளுக்கு அளப்பதே "ஈகோ 40-60" என்ற இந்த நீண்ட புரோகிராமைத்தான். இரவிலோ வீட்டு வேலைக்கு நடுவிலோ ஓட விடுவதற்கு இது நல்ல புரோகிராம்.

பதினைந்து நிமிட, முப்பது நிமிட விரைவுப் புரோகிராம்கள் இரண்டு மூன்று கிலோ துணிக்கு, அதுவும் வியர்வை மட்டும் பட்ட துணிக்குத்தான். முழு டிரம்மைத் திணித்து விரைவுப் புரோகிராமில் போட்டால் துணி நனைந்து வரும், வெளுத்து வராது. அன்றாட உடைக்கு 30 முதல் 40 டிகிரி போதும். துண்டு, படுக்கை விரிப்பு, நோயாளி உடுத்திய துணி இவற்றுக்கு 60. துணியில் தைத்திருக்கும் அடையாளச் சீட்டு அனுமதிக்கும் சூட்டைத் தாண்ட வேண்டாம்.

ஸ்பின் வேகத்தையும் துணியைப் பார்த்தே வையுங்கள். நிமிடத்துக்கு 1400 சுற்றில் பிழிந்த பருத்தித் துணியில், அதன் எடையில் ஏறக்குறைய பாதியளவு தண்ணீர்தான் மிச்சமிருக்கும், சீக்கிரம் காயும். ஆனால் சட்டையும் சின்தடிக்கும் அந்த வேகத்தில் கசங்கிப்போகும். அவற்றுக்கு 800 போதும்.

கதவு திறக்கவில்லை என்றால்

புரோகிராம் முடிந்ததும் ஒன்றிரண்டு நிமிடம் பூட்டு விடாது. "டிக்" என்று ஒரு சத்தம் கேட்கும்வரை கைப்பிடியை இழுக்காதீர்கள். பிளாஸ்டிக் கைப்பிடி உடைவது அதிகமும் இந்த அவசரத்தில்தான். நடுவில் நிறுத்தினாலும் உள்ளே தண்ணீர் உயரமாக நின்றாலோ சூடாக இருந்தாலோ கதவு திறக்காது. திறந்தால் தரை முழுக்கத் தண்ணீர்தான். மறந்துபோன சாக்ஸ் ஒன்றைப் போட வேண்டும் என்றால், தொடங்கிய சில நிமிடங்களுக்குள் இடைநிறுத்தம் கொடுத்துப் பாருங்கள். தண்ணீர் குறைவாக இருந்தால் திறக்கும்.

மின்சாரம் போனால் பல மெஷின்கள் விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கும், பொறுத்திருங்கள். நீண்ட நேரம் வரவில்லை, துணியை எடுத்தே ஆக வேண்டும் என்றால், பிளக்கைக் கழற்றி, கீழே சொல்லும் ஃபில்டர் வழியாகத் தண்ணீரை முழுக்க இறக்குங்கள். அதன் பிறகு, பல மாடல்களில் ஃபில்டர் மூடிக்கு அருகே ஒரு சிறு நாடா அல்லது கொக்கி இருக்கும். அதை இழுத்தால் பூட்டு விடும். தண்ணீரை இறக்காமல் அதைத் தொடாதீர்கள்.

நாற்றம் வராமல்

ஃப்ரன்ட் லோடு மேல் சொல்லப்படும் குறைகளில் இதுதான் பெரியது, நியாயமானதும்கூட. கதவு காற்றுப் புகாமல் மூடுகிறது. உள்ளே ஈரம், சோப்புப் படிவு, நூல்தூசி எல்லாம் இருக்கின்றன. பூஞ்சைக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? ஆனால் தடுப்பது சுலபம், தினமும் ஒரு நிமிட வேலை.

துணியை எடுத்த உடனே ரப்பர் வளையத்தின் கீழ்ப்பகுதியை இரண்டு விரலால் உங்கள் பக்கம் இழுத்து மடிப்பைத் திறந்து பாருங்கள். ஒரு கரண்டி அளவு கலங்கிய தண்ணீர் தேங்கியிருக்கும். அதில் சாம்பல் நிறத்தில் நூல்தூசி, தலைமுடி, சில நேரம் ஒரு பட்டன், காணாமல் போன குழந்தைச் சாக்ஸ். பழைய துணி ஒன்றால் மடிப்பை முழுச் சுற்றும் துடைத்து எடுங்கள். மடிப்பின் அடியில் இரண்டு மூன்று சிறு துளைகள் இருக்கும், தண்ணீர் வடிவதற்கானவை. அவை அடைத்திருந்தால் பழைய பல் பிரஷ்ஷால் குத்தி விடுங்கள். கண்ணாடியின் உட்பக்கத்தையும் ஒரு துடை துடையுங்கள்.

அதன் பிறகு கதவை லேசாகத் திறந்தே விடுங்கள், சோப்புத் தட்டையும் கொஞ்சம் வெளியே இழுத்து விடுங்கள். மூடி வைத்தால் பார்க்க அழகாக இருக்கும் என்பதற்காக மூடாதீர்கள். வீட்டில் சின்னக் குழந்தையோ பூனையோ இருந்தால் மட்டும் கவனம் இரட்டிப்பு வேண்டும்: குழந்தைகள் எட்டாத இடத்தில் மெஷின் இருக்க வேண்டும், அல்லது அந்த அறையின் கதவை மூடி வைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் தொடங்கும் முன் டிரம்முக்குள் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

மாதம் ஒருமுறை டிரம் கிளீன் புரோகிராமையோ, அது இல்லாவிட்டால் துணி இல்லாமல் அதிகபட்சச் சூட்டில் காட்டன் புரோகிராமையோ ஓட்டுங்கள். கொஞ்சம் வெளுப்பான் கலந்த தூள் போட்டால் இன்னும் நல்லது. உப்புத் தண்ணீர் வரும் வீடுகளில் ஹீட்டர் மேல் வெள்ளையாகப் படிவு ஏறும். அதற்குப் படிவு நீக்கியோ, கையேடு அனுமதித்தால் சிட்ரிக் அமிலமோ பயன்படுத்தலாம். ஆனால் சிட்ரிக் அமிலம், வினிகர் போன்ற எந்தப் புளிப்பையும் குளோரின் பிளீச்சோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள். சேர்ந்தால் கிளம்புவது குளோரின் வாயு, மூச்சையே அடைக்கும்.

துவைத்து முடித்த துணியை இரவு முழுக்க உள்ளேயே விடுவதும் நாற்றத்துக்கு ஒரு காரணம். எடுக்க ஆள் இருக்கும் நேரத்தில் முடிகிற மாதிரி தாமதத் தொடக்கம் வையுங்கள்.

ஃபில்டரைத் திறப்பது

முன்பக்கம் கீழே, பெரும்பாலும் வலது மூலையில், ஒரு சிறு மூடி இருக்கும். அதற்குள் ஒரு திருகு. அதுதான் பம்ப் ஃபில்டர். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இதைச் சுத்தம் செய்யுங்கள். வீட்டில் நாயோ பூனையோ இருந்தால் மாதா மாதம்.

மெஷினை அணைத்து பிளக்கைக் கழற்றுங்கள். சற்று முன் சூடான தண்ணீரில் துவைத்திருந்தால் ஆறும்வரை காத்திருங்கள். தரையில் துண்டு விரித்து, தாழ்ந்த தட்டு ஒன்றை வையுங்கள். பக்கத்தில் மெல்லிய குழாய் ஒன்று இருந்தால் அதன் அடைப்பானை எடுத்து முதலில் அதன் வழியே தண்ணீரை இறக்குங்கள். தண்ணீர் நின்றதும் திருகை மெதுவாக, அரைச் சுற்று அரைச் சுற்றாகத் திருப்புங்கள். ஒரே மூச்சில் கழற்றினால் மிச்சத் தண்ணீர் காலடியில் கொட்டும். வெளியே வருவது வழவழப்பான முடியும் நூலும் சுற்றிய ஒரு கட்டை. கூடவே நாணயம், ஊசி, கொண்டை ஊசி. எல்லாவற்றையும் கழுவுங்கள். பிறகு விளக்கு அடித்து உள்ளே பாருங்கள். சின்ன விசிறி ஒன்று தெரியும். விரலால் தொட்டுப் பார்த்தால் அது விட்டு விட்டு, ஒரு தடையோடு திரும்பும், அது இயல்புதான். அதில் நூலோ முடியோ சுற்றியிருந்தால் எடுத்துவிடுங்கள். திருகைத் திரும்பப் போடும்போது இழை சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்த்து, இறுதிவரை இறுக்குங்கள்.

தண்ணீர் உள்ளே வரும் குழாயின் இரு முனைகளிலும் சிறு வலை இருக்கும். தண்ணீர் வரத்து குறைந்தால் குழாயை மூடிவிட்டு அந்த வலையைக் கழற்றி அலசுங்கள். பாதி நேரம் மணல்தான் காரணமாக இருக்கும். ஊருக்குப் போகும்போது மெஷினுக்கு வரும் குழாயை மூடிவிட்டுப் போங்கள். அந்த ரப்பர் குழாயை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது.

எந்தச் சத்தத்துக்குக் கவலைப்பட வேண்டும்?

பூட்டின் டிக், வால்வு திறக்கும் ரீங்காரம், பம்ப் கடைசியில் காற்றை இழுக்கும் களகள, டிரம் நின்று நின்று திரும்புவது, இவை எல்லாம் அன்றாடச் சத்தம். கணகண என்று உலோகம் தட்டினால் உள்ளே நாணயமோ பட்டனோ இருக்கிறது, ஃபில்டரைப் பாருங்கள். வேகமாகச் சுழலும்போது விமானம் கிளம்பும் அளவுக்கு இரைச்சல் எழுந்து, மாதத்துக்கு மாதம் கூடிக்கொண்டே போனால், டிரம்மின் அச்சைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும்.

அதைச் சோதிக்க, மெஷின் அணைந்திருக்கும்போது வெறும் டிரம்மைக் கையால் சுற்றிவிட்டுக் காதை அருகே வையுங்கள்; கரகரவென்று கேட்கக் கூடாது. அடுத்து டிரம்மின் மேல் விளிம்பைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். டிரம்மும் அதைச் சுற்றிய தொட்டியும் சேர்ந்து அசைந்தால் அது ஸ்பிரிங்கின் ஆட்டம், சரி. டிரம் மட்டும் தனியாக ஆடினால் பேரிங் தேய்ந்துவிட்டது. இன்றைய மெஷின்கள் பலவற்றில் தொட்டி பிரிக்க முடியாதபடி ஒட்டப்பட்டிருப்பதால் தொட்டியையே மாற்ற வேண்டிவரலாம். பழுது பார்ப்பதா வேண்டாமா என்பதைச் செலவைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

திரையில் வரும் பிழைக்குறிகள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். எல்ஜியில் ஐஇ என்றால் தண்ணீர் வரவில்லை, ஓஇ என்றால் தண்ணீர் போகவில்லை, யூஇ என்றால் துணி சமமாக இல்லை, டிஇ என்றால் கதவு சரியாக மூடவில்லை. சாம்சங்கில் 4சி தண்ணீர் வரவில்லை, 5சி போகவில்லை. பெயர் எதுவானாலும் இந்த நான்கில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும், நான்கையும் முதலில் நீங்களே பார்க்கலாம்: குழாய் திறந்திருக்கிறதா, வலை சுத்தமா, ஃபில்டர் அடைத்திருக்கிறதா, வெளியேறும் குழாய் எங்காவது மடிந்து கிடக்கிறதா, கதவு இடுக்கில் துணி மாட்டியிருக்கிறதா, உள்ளே ஒரே துணி மட்டும் கிடக்கிறதா.

இவை எல்லாம் சரியாக இருந்தும் அதே குறி மறுபடி வந்தாலோ, அடியில் தண்ணீர் கசிந்தாலோ, கருகிய வாசனை வந்தாலோ பிளக்கைக் கழற்றிவிட்டு சர்வீஸுக்குச் சொல்லுங்கள். கதவைத் திறந்தால் உள்விளிம்பில் ஒட்டியிருக்கும் சீட்டில் மாடல் எண் இருக்கும். அதையும், வந்த குறியையும், துவைக்கும்போதா அலசும்போதா ஸ்பின்னிலா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சத்தம்தான் பிரச்சினை என்றால், அது வரும்போதே போனில் அரை நிமிட வீடியோ எடுத்து வையுங்கள். பார்க்க வருபவருக்கு எந்தப் பாகத்தைக் கொண்டுவர வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும்.